எழுந்தால் சிந்திவிடும் ஒளி

"அப்ப இந்தப் படமும் பொய் சொல்லுதா?"

"படம் பொய் சொல்லலைக்கா. படத்தை எடுத்தவன் ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டான்."

"அவன் இவன்னு பேசாத. ஊரே ஐயாங்குது."

அக்கா இரண்டு எக்ஸ்ரே படங்களைச் சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தாள். வெயில் அவற்றின் வழியாக நீலமாகக் கசிந்து அடுப்பு மேடையில் விழுந்தது. இரண்டுமே தெருமுனைத் தையல்காரரின் முதுகு. முதல் படத்தில் அது காற்றில் சாய்ந்த கொடிபோல ஒருபக்கமாக வளைந்து நின்றது. இரண்டாவதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நடந்தது ஒன்றுதான். ஒளிக்கை ஐயா தன் உள்ளங்கையை அந்த முதுகின் மேல் வைத்து எடுத்தார்.

தங்கை ஏதோ விளக்க ஆரம்பித்தாள். அவள் பெரிய மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்ப்பவள். முதுகெலும்பையும் அதை இருபுறமும் தாங்கும் தசைகளையும் படமெடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிற பிரிவு அது. எந்த எலும்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கத் தசை மெலிந்திருக்கிறது என்று திரையில் கோடு இழுத்துக் கோணம் பார்ப்பது அவள் வேலை. அக்கா அதைப் பற்றி அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டால், கம்ப்யூட்டரில் எலும்பு பார்க்கிறாள் என்று சொல்லி முடித்துவிடுவாள்.

இப்போதும் முடித்துவிட்டாள். "நாள் முழுக்க முதுகை அளக்கிற. ஒரு முதுகையாவது நிமிர்த்தியிருக்கியா? உன் முதுகையே உன்னால நிமிர்த்திக்க முடியலை."

தங்கையின் வலது தோள் இடது தோளைவிட உயரம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

பேச்செல்லாம் யாரைப் பற்றியோ, அவள் கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்காவின் மகள். வளர்கிற வயது. சித்தியின் வளைவு அவளுக்கும் வந்திருந்தது. அக்குளிலிருந்து இடுப்பு வரை கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஒரு பிரேஸ் போட்டிருந்தாள். உயரம் வளர்ந்து முடியும்வரை இரவும் பகலும் அதைக் கழற்றக் கூடாது, கழற்றினால் உடம்போடு சேர்ந்து வளைவும் வளரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது குனிய விடாது, வியர்த்தால் சொறிய விடாது. அவளுடைய வகுப்பில் அவளுக்கு ஆமை என்று பெயர். அதனால் ஒளிக்கை ஐயாவை அக்கா நம்பியது பாதி என்றால், மகள் நம்பியது முழுசு.

"நானும் வரேன். முதல்ல எனக்குப் பண்ணட்டும். எனக்கு நல்லா ஆனா அப்புறம் பாப்பாவைப் படுக்க வை" என்றாள் தங்கை.

இத்தனை வருஷத்தில் தங்கை முதல்முறையாக வழிக்கு வந்துவிட்டாள் என்று அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஒளிக்கை ஐயா கடைவீதியில் ஒரு பழைய நாற்காலிக் கடையின் மாடியைப் பிடித்திருந்தார். முதுகு வலிக்காரர்களை மாடி ஏற வைக்கிற வைத்தியர் அநேகமாக உலகத்திலேயே அவர் ஒருவர்தான். அதையும் ஊர்க்காரர்கள் நாங்கள் பரீட்சை என்று எடுத்துக்கொண்டோம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் போகிறவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். ஏறி முடித்ததும் வலி அதிகமாயிருக்கும். அப்படியானால் ஒளி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தமாம்.

மாடியில் ஒரு மேடை, மேடையில் ஐயா. சுவரில் பெரிய திரை. மூலையில் குணமானவர்கள் கழற்றிப் போட்ட இடுப்பு பெல்ட்டுகளும் கழுத்துப் பட்டைகளும் பிரேஸ்களும் ஒரு குவியலாகக் கிடந்தன. தினமும் அதில் விழுந்துகொண்டே இருந்தும் குவியல் மட்டும் உயரவில்லை. பின் சந்தில் பழைய பெல்ட் விற்கிற கடை ஒன்று புதிதாகத் திறந்திருந்தது. இந்த இரண்டையும் யாரும் சேர்த்து யோசிக்கவில்லை. யோசிக்கவா வந்தோம்?

நடைமுறை சுத்தமானது. முதலில் பக்கத்து அறையில் ஒரு படம். அது வெளியே திரையில் விழும், கூட்டம் உச்சுக்கொட்டும். பிறகு நோயாளி மேடையில் இருக்கும் சக்கரக் கட்டிலில் குப்புறப் படுக்க, ஐயா கண்ணை மூடி முதுகின் மேல் கை வைப்பார். வைத்த கையை எடுத்ததும் ஒரே ஒரு கட்டளை. எழுந்திருக்கக் கூடாது. உடம்பில் ஒளி தளும்பிக்கொண்டிருக்கிறது, எழுந்தால் சிந்திவிடும். படுத்தபடியே அறைக்குள் உருட்டிப் போவார்கள், படுத்தபடியே இரண்டாவது படம். அதுவும் திரையில் விழும். அப்போது நாங்கள் தட்டுகிற கையில் நாற்காலிக் கடைக்காரரின் கூரையே அதிரும்.

தையல்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் ஐயாவின் நடமாடும் விளம்பரம். அவருடைய இரண்டு படங்களின் இன்னொரு பிரதி அவர் கடையில் சட்டம் போட்டுத் தொங்கியது. கால்சட்டை அளவெடுக்க வந்தவர்கள்கூட முதுகைத் தடவிக்கொண்டே திரும்பிப் போனார்கள்.

மகள் வந்ததும் வராததுமாகப் பிரேஸைக் கழற்றி மூலைக் குவியலில் போட்டுவிட்டு வந்தாள். தங்கை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், தடுக்கவில்லை. பெயர் கூப்பிட்டதும் படமெடுக்கும் அறைக்குள் போனாள்.

உள்ளே படமெடுக்கும் ஆள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். சுவர்ப் பலகையோடு ஒட்டி நிற்கச் சொன்னார். தங்கை, மாடி ஏறியதில் நிற்க முடியவில்லை, முதலில் படுத்து ஒன்று எடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். அவருக்கென்ன, சம்பளம் படத்துக்கா, படுக்கைக்கா? எடுத்தார்.

திரையில் முதுகு விழுந்தது. வளைவு இருந்தது, ஆனால் கொஞ்சம்தான். மேடைக்கு ஏறி வந்தவளின் கோணல் தோளையும் திரையையும் கூட்டம் மாறிமாறிப் பார்த்தது. ஐயா இன்னும் தொடவே இல்லையே.

வெள்ளைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் அழுதே விட்டார். ஐயா இருக்கிற இடத்துக்குள் வந்தாலே போதும், எலும்பு தானாக நேராகிறது என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் பின்னால் இருந்தவர்களிடம் சொன்னார்கள். ஐயா ஒரு விநாடி குழம்பியதுபோல இருந்தது. பிறகு அந்தப் புகழையும் வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். சிலருக்குத் தான் மனசில் நினைத்தாலே பாதி குணம் ஆகிவிடும், மீதிப் பாதிக்குத்தான் கை என்றார்.

மீதிப் பாதிக்குக் கை வைத்தார். நன்றாகவே அழுத்தி வைத்தார். தங்கையைக் கட்டிலோடு அறைக்குள் உருட்டினார்கள்.

அங்கே அவள் கட்டிலிலிருந்து இறங்கிப் போய்ச் சுவர்ப் பலகையோடு ஒட்டி நின்றாள். படமெடுக்கும் ஆள், இப்போது படுக்க வேண்டுமே என்றார்.

"ஆளுக்கு ஒண்ணு நின்னு, ஒண்ணு படுத்து. அதானே கணக்கு? எனக்கு நிக்கிறதுதான் பாக்கி."

அவர் யோசித்தார். கணக்கு சரியாகத்தான் வந்தது. எடுத்தார்.

வெளியே நாங்கள் கை தட்டத் தயாராகக் கையை விரித்து வைத்திருந்தோம். திரையில் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. முன்: லேசான வளைவு. பின்: ஒரு பெரிய வளைவு, மேலே ஒருபக்கமும் கீழே மறுபக்கமுமாக ஆறு திரும்புகிற மாதிரி.

விரித்த கை விரித்தபடியே நின்றது. யாரோ ஒருவர் மெதுவாகச் சொன்னார். "ஐயா கை வச்சுக் கோணலாக்கிட்டாரு."

ஐயாவின் முகத்தில்தான் முதன்முதலாக ஒளி குறைந்தது. அறை வாசலில் நிற்கிற தங்கையைக் காட்டி, அவள் எழுந்து நின்றுவிட்டாள், ஒளி முழுக்கச் சிந்திவிட்டது, கட்டளையை மீறினால் இதுதான் கதி என்று குரலை உயர்த்தினார். நியாயம்தானே என்று நாங்கள் பாதிப்பேர் தலையாட்டியும் விட்டோம். அவர் தப்பித்திருப்பார். தையல்காரர்தான் விடவில்லை. கேள்வி கேட்க வேண்டும் என்று அவர் எழுந்திருக்கவில்லை. உண்மையிலேயே பயந்துபோய் எழுந்தார்.

"ஐயா, அன்னிக்கு நானும் எழுந்துதானே வீட்டுக்கு நடந்து போனேன்? அப்ப எனக்கும் சிந்தியிருக்குமா?"

சிந்தாது என்றால் இந்தப் பெண்ணுக்கு ஏன் சிந்தியது? சிந்தும் என்றால் இந்த மாடியிலிருந்து யார்தான் படுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்? ஐயா பின்படி இருக்கிற பக்கம் பார்த்தார்.

தையல்காரர் தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நேத்து எனக்குத் தச்ச சட்டைக்கும் இடது தோளை இறக்கித்தான் வெட்டினேன். துணி சரியில்லைன்னு நினைச்சேன்."

தங்கை அப்போதுதான் பேசினாள். பெரிய பிரசங்கம் எல்லாம் இல்லை. நிற்கும்போது தலையும் தோளும் முதுகை அழுத்துகின்றன, படுத்தால் அந்தப் பாரம் இறங்கிவிடுகிறது, அதனால் வளைந்த முதுகு கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. யாரும் தொட வேண்டாம், கட்டிலே போதும். எழுந்தால் பழையபடி. இந்த இரண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் தங்கள் பிரிவில் நாளெல்லாம் அளக்கிறார்கள் என்றாள். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னாள். "பிரேஸும் ஒண்ணும் அதிசயம் இல்லைக்கா. இருக்கிற வளைவை மேல வளர விடாமப் பிடிச்சு வைக்க முயற்சி பண்ணுது. எனக்கு அந்த வயசுல அதுகூடக் கிடைக்கலை."

எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் மேடையைக் கவனிக்கவில்லை. இன்று ஒளியின் ஓட்டம் சரியில்லை என்று முணுமுணுத்தபடி ஐயா பின்படி வழியாக இறங்கிக்கொண்டிருந்தார். கூன் போட்டுத்தான் போனார். யாரும் படம் எடுக்கவில்லை.

எங்களுக்குக் கண் இருந்தது. கண்ணுக்கு முன்னால் முன் படமும் பின் படமும் பளிச்சென்று இருந்தன. எப்படி எடுத்தீர்கள் என்ற ஒரு கேள்விதான் எங்களிடம் இல்லை. இத்தனைக்கும் அந்த மாடியில் கட்டணம் இல்லாமல் செய்ய முடிந்த ஒரே காரியம் அதுதான்.

மகள் மூலைக் குவியலைக் கிளறித் தன் பிரேஸை வெளியே இழுத்தாள். கொஞ்ச நேரம் அதை முறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு சட்டைமேல் மாட்டிக்கொண்டு அம்மாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். அக்கா பட்டையை இழுத்தாள். எந்தக் கோடு வரைக்கும் இறுக்க வேண்டும் என்று தங்கையைக் கேட்டாள். அவள் தங்கையிடம் முதுகைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. தங்கை விரலால் காட்டினாள்.

பட்டை ஒட்டிய சத்தம் அடங்கிய பிறகுதான் பின்னால் ஒரு சலசலப்பு கேட்டது. திரும்பிப் பார்த்தால், மாடியில் இருந்த கூட்டம் மகளுக்குப் பின்னால் ஒழுங்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தது. எல்லோருக்கும் முன்னால் அந்த வெள்ளைச் சேலை அம்மாள். இன்னும் கண் ஈரமாகத்தான் இருந்தது. பிரேஸை ஒரு விரலால், சுடுமோ என்று பார்ப்பதுபோலத் தொட்டார்.

"பாப்பா, இதுலதான் ஏதோ சக்தி இருக்கு போல. என் இடுப்புல ஒரே ஒரு தடவை வச்சு எடேன்."