ஆறாம் மாடி எறும்புச்செடி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும், இனி என் தேத்தண்ணீருக்குச் சீனி வேண்டாம்.

பாரிசின் லா சப்பலில் மளிகைக்கடையொன்றில் அரிசி மூட்டை இறக்கும் வாமதேவனுக்கு வீடு ஆறாம் மாடியில். லிப்ட் கிடையாது. மனைவி கௌரிக்கோ முழங்கால் வலி. இரண்டாம் மாடியில் ஒரு வீடு காலியாகியிருந்தது. அதை யாருக்குக் கொடுக்கலாமென்று வீட்டுக்காரர் கேட்பது, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜிஸ்லேனிடம். அந்த ஜிஸ்லேன் விடுமுறைக்குப் போகும்போது தன் செடியை வாமதேவனிடம் ஒப்படைத்தாள்.

செடி என்றால், முள் முளைத்த கிழங்கின் தலையில் நாலு இலை. கிழங்கெல்லாம் ஓட்டை. போனில் தேடிப் பார்த்தான். எறும்புச்செடியாம். காட்டில் அந்த ஓட்டைகளுக்குள் எறும்புகள் குடியிருக்குமாம். அவை விடும் எச்சம்தான் செடிக்குச் சாப்பாடாம்.

டோர்ச் அடித்துப் பார்த்தான். ஓர் எறும்பும் இல்லை.

“கௌரி, இதுக்குள்ளை இருந்த எறும்புகள் எங்கை?”

“மேசையிலை ரெண்டு ஊர்ந்தது. சட்டியைச் சுத்தி மஞ்சள் போட்டிட்டன்.”

“ஐயோ, குடியிருந்ததுகளைக் கலைச்சுப்போட்டீரே! செடி பட்டுப்போனா எங்களுக்கு வீடில்லை!”

“பாரிசிலை எறும்புக்கோ பஞ்சம்? போய்ப் பிடிச்சுக்கொண்டு வாங்கோவன்.”

போனான். பூங்காவில் குந்தியிருந்து லட்டுப் பெட்டி நிறைய எறும்பு பிடித்து வந்தான். அவை செடியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே புழுங்கலரிசி டின்னுக்குள் போயின.

“வெறும் வீட்டுக்கு ஆர் வருவினம்? வாசலிலை ஏதும் வையுங்கோ” என்றாள் கௌரி.

ஓட்டை வாசலில் பனங்கட்டி வைத்தான். மறுநாள் பத்தாம் வட்டாரத்து எறும்பு முழுவதும் படியேறி வந்தது. வயதான எறும்புகள் மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்கியதை நானே கண்டேன்.

ஐந்தாம் மாடியில் இருக்கும் ரோமன் வந்து கதவைத் தட்டினான். “மிசியு வாமதேவன், என் சுவரில் ஊர்வலம் போகிறது. உங்கள் தேர்த் திருவிழாவா?”

“ஓம் ஓம், முடியிற நேரம்.”

பனங்கட்டியைப் பாகாகக் கரைத்து, படி நெடுகக் கோடு ஊற்றிக்கொண்டு இறங்கினான். எறும்புகளைத் தெருவரை கூட்டிப்போய் விட்டுவிடலாமென்று எண்ணம். பாகு இரண்டாம் மாடியில் தீர்ந்துபோயிற்று. பின்னால் வந்தவை காலி வீட்டுக் கதவின் கீழே வரிசையாக நுழைந்தன.

“எங்கடை வீட்டுக்குள்ளையோ!” கௌரி தலையில் கைவைத்தாள்.

ஜிஸ்லேன் திரும்பி வந்ததும் வாமதேவன் செடியை நீட்டி, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான்.

“இதற்குள் எறும்பா? வாங்கிய நாளிலிருந்து ஒன்றும் இருந்ததில்லையே. தண்ணீர் விட்டாலே போதும்.”

“அப்ப... அந்த வீடு?”

“ஆரெலி என்று ஒரு பெண்ணுக்குத்தான் கொடுப்பதாக இருந்தது. நேற்றுப் பார்க்க வந்தவள் எறும்பைக் கண்டு வாசலோடு ஓடிவிட்டாள். இனி எறும்புக்குப் பயப்படாத ஆளாகப் பார் என்கிறார் வீட்டுக்காரர். உங்களுக்குப் பயமா?”

“அதுகள் எங்கடை ஆக்கள்தானே, மதாம்!”

புதுவீட்டில் பால் காய்ச்சுவதற்கு முன்பே கௌரி மஞ்சள் டின்னோடு உள்ளே போனாள். முழங்கால் இப்போது நல்ல சுகம்.

நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்க்கலாம். மெத்ரோவால் இறங்கி யாரைக் கேட்டாலும் வாமதேவன் இருக்கும் கட்டடத்தைக் காட்டுவார்கள். அதற்கு மொத்தமே ஒரு மாடிதான். என் தேத்தண்ணீருக்குச் சீனி போடாதீர்கள்.