துண்டு மாட்டும் கம்பி

பல் டாக்டர் மாடிக் குளியலறையில் ஈரத் துண்டைத்தான் மாட்டினார். துண்டோடு கம்பியும் கையோடு வந்துவிட்டது. கம்பி இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சுவர் பெயர்ந்து, காலடியில் பொலபொலவென்று உதிர்ந்தது.

வந்து இறங்கி ஒரு காபி குடித்திருந்தார், அவ்வளவுதான்.

வெளிநாட்டில் படித்த காலத்தில் அவரை இரண்டு வருஷம் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்ட வீடு அது. வீட்டுக்காரர் ரயில் ஓட்டியவர். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். மூன்றாம் மாதத்திலேயே இருவரும் அவருக்கு அப்பா, அம்மா ஆகிவிட்டார்கள். பதினைந்து வருஷம் கழித்து இப்போதுதான் மனைவியோடு வந்து பார்க்க வாய்த்தது. ஒரு ராத்திரி தங்கல்; மறுநாள் மதியம் விமானம்.

வாசலைத் தாண்டியதுமே டாக்டர் நின்று சுற்றிலும் பார்த்தார். எதுவுமே மாறியிருக்கவில்லை. கூடத்துப் பியானோவின் மேல் அதே விரிப்பு. மாடியில் அவர் படித்த மேஜை, ஜன்னலுக்குக் கொஞ்சம் கோணலாக, அவர் விட்டுப்போன அதே கோணலில் நின்றது. கோயிலுக்குள் வந்தவர் மாதிரி செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் நடந்தார்.

"நம்ம வீட்ல நேத்து வெச்ச கத்தரிக்கோல இன்னிக்குக் காணோம். இங்க பதினஞ்சு வருஷமா ஒரு நாற்காலிகூட நகரலையே" என்று மனைவி அதிசயித்தாள்.

அப்பேர்ப்பட்ட வீட்டில்தான் கம்பி கையோடு வந்திருந்தது.

உடனே போய்ச் சொல்லிவிடுங்கள் என்றாள் மனைவி. டாக்டருக்குத் தைரியம் வரவில்லை. அந்தக் காலத்தில், சூடான பாத்திரத்தைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துத் தடம் விழுந்ததற்கு அப்பா அரைமணி நேரம் பாடம் நடத்தியவர். சொத்தைப் பல்லை அடைப்பவனுக்குச் சுவரில் ஒரு ஓட்டை எம்மாத்திரம் என்று டாக்டர் பற்பசையை எடுத்தார். முழுக் குழாயையும் பிதுக்கிக் குழியில் திணித்து, சீப்பின் முதுகால் வழித்து, கம்பியை அதில் செருகினார். நிஜமாகவே நின்றது. பெருமையோடு இரண்டடி பின்வாங்கிப் பார்த்தார். கம்பி சாவகாசமாகச் சாய்ந்து விழுந்து, கைகழுவும் தொட்டியின் ஒரு மூலையை எடுத்துக்கொண்டு போனது.

"இப்பவாவது சொல்லுங்க."

"ஒரே ஒரு ஆணி அடிச்சா சரியாயிடும்."

பின்கட்டிலிருந்து சுத்தியலைத் துண்டுக்குள் சுருட்டிக் கொண்டுவந்தார். சத்தம் கேட்கக் கூடாதென்று மனைவி இருமிக்கொண்டே இருக்க, இருமலுக்கு ஒரு அடியாக அடித்தார். மூன்றாவது இருமலில் ஆணி எதையோ துளைத்தது. சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாய்தான் அது. பீய்ச்சியடித்த தண்ணீர் எதிர்ச்சுவரைத் தொட்டது. மனைவி கட்டைவிரலால் அடைத்தாள். தண்ணீர் இரண்டாகப் பிரிந்து இருவர்மேலும் சமமாக அடித்தது.

வேறு வழியில்லாமல் டாக்டர் கீழே ஓடி அப்பாவைக் கூப்பிட்டார். அவர் வந்தார். பெயர்ந்த சுவர், பற்பசைப் பூச்சு, உடைந்த தொட்டி எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். போய் வெளிக்குழாயை அடைத்துவிட்டு வந்தார்.

"கையில அடி ஏதும் படலையே, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

டாக்டர் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். பெரியவர் காதிலேயே வாங்கவில்லை. சுத்தியலை வாங்கிக் கையில் எடை பார்த்தார். "இந்தச் சுவர் மேல எனக்கும் ரொம்ப நாளா ஒரு கோபம்" என்று சொல்லி, தானும் ஓங்கி ஒரு போடு போட்டார். இன்னும் கொஞ்சம் காரை உதிர்ந்தது. அவர் முகத்தில் குழந்தைச் சிரிப்பு.

அம்மா உலர்ந்த துணிகளோடு வந்து எட்டிப் பார்த்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஈரத்தலையோடு நிற்காதீர்கள், சாப்பாடு ஆறுகிறது என்றார். குழாயை அடைத்ததில் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பெரியவர்கள் இருவரும் பக்கத்து வீட்டிலிருந்து வாளி வாளியாகச் சுமந்துவந்தார்கள். விருந்தாளிகளைத் தொடக்கூட விடவில்லை.

"இவங்க மனுஷங்களே இல்லைங்க, தெய்வம்" என்றாள் மனைவி மெதுவாக. டாக்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. மேஜைத் தடத்துக்குத் துள்ளிய மனிதர் இவ்வளவு பெரிய மனசுக்கு எப்படி வந்து சேர்ந்தார்? ஒரு பொருளைக்கூட இடம் மாற்றாமல் கண்ணாய்க் காத்த வீட்டை ஒருவன் வந்து உடைக்கிறான். அவனுக்கே தண்ணீர் சுமக்கிறார்களே. அவர்கள் முன்னால் தான் சுண்டைக்காய் அளவுக்குச் சிறுத்துவிட்டதாகத் தோன்றியது.

காலையில், ஊருக்குப் புறப்படுமுன் எப்படியாவது குழாய்க்காரர் ஒருவரைப் பிடித்துவிடுவது என்று பூனை மாதிரி வெளியே இறங்கினார். தெருவில் ஒரு லாரி நின்றது. டிரைவர் அதன் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவரிடம் நடந்ததையெல்லாம் கொட்டி, பக்கத்தில் நல்ல குழாய்க்காரர் யாராவது உண்டா, எவ்வளவு கேட்டாலும் தருகிறேன் என்று கெஞ்சினார்.

டிரைவர் அவரையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதுக்கு சார் குழாய்? நாளைக்கு வீட்டையே இடிக்கிறாங்க. போன மாசமே காலி பண்ணிப் புது வீட்டுக்குப் போனவங்க, நீங்க வர்றீங்கன்னு ஒரு ராத்திரிக்காக அத்தனை சாமானையும் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி, 'அங்க இல்லப்பா, இன்னும் கொஞ்சம் கோணலா'ன்னு அந்த அம்மா என் உசுர எடுத்துட்டாங்க."