தாம்பரத்தில் ஜாஸ் வளர்ந்த விதம்

உலக இசை வரலாறு எழுதுகிறவர்கள் அமெரிக்கா வரை போய் வீணாக அலைகிறார்கள். மேற்குத் தாம்பரத்தில் இறங்கினால் போதும். மின்சாரத்தின் தயவை நாடாத மகத்தான ஜாஸ் குழு 1988-இல் அங்கேதான் உதயமானது. மின்சாரமும் அந்தக் காலத்தில் தாம்பரத்தை அதிகம் நாடவில்லை.

குழுவில் மூன்று இளைஞர்கள். யேசுதாசன் கிடார். வேதசிரோமணி கிளாரினெட், கல்யாண பேண்டில் ஊதிப் பழகியவன். துளசிங்கம் டிரம்ஸ். ஜாஸில் யேசுதாசனைச் சொக்கவைத்தது ஒரே விஷயம்தான். ஒருவன் எழுந்து அந்த நிமிஷம் மனதில் தோன்றுவதை வாசிக்கலாம். யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். யேசுதாசன் வாய் திறப்பதே அபூர்வம். ஆனால் சொல்ல நிறைய இருந்தது. அதை ஒரே ஒரு முறை, நாலு பேர் முன்னால், கிடாரில் சொல்லிவிட வேண்டும்.

ஒத்திகைக்கு இடம் வேண்டியிருந்தது. செம்பாக்கத்தில் தன் வயல்களை மனைகளாக்கி விற்றுக்கொண்டிருந்த ராஜகோபால் ஒரு கொட்டகை தந்தார். நன்றிக்கு அவரைத் தலைவராக்கினார்கள். தலைவர் இருந்தால் செயலாளர் வேண்டாமா? துளசிங்கம் செயலாளரானான். செயலாளர் இருந்தால் கமிட்டி வேண்டாமா? இப்படியாகக் குழு 'வளர்ந்தது'. துணைத்தலைவர்களுக்கு நாற்காலி போட்டதில் டிரம்ஸ் வேப்பமரத்தடிக்குப் போனது.

முதல் ஆண்டு விழாவுக்கு முன் ராஜகோபால் விசாரித்தார்.

"ஏம்ப்பா யேசு, தனியா என்னமோ வாசிக்கப் போறியாமே. என்ன வாசிப்பே?"

"தெரியாது சார். அப்ப என்ன தோணுதோ அது."

"தோணட்டும், வேணாங்கல. ஒரு வாரம் முன்னாடியே தோணட்டும். கமிட்டி பார்க்கணும் இல்ல?"

"முன்னாடியே தோணிட்டா அது ஜாஸ் இல்லையே சார்."

"மேடையில ஏடாகூடமா ஏதாவது தோணிட்டா? லேடீஸ் எல்லாம் வர்றாங்க."

மறுக்க முடியாத நியாயம். உடனே 'தோன்றல் துணைக்குழு' அமைக்கப்பட்டது. அது கூடி முடிவெடுப்பதற்குள் விழா வந்துவிட்டது. வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடைகளோடு நேரமும் முடிந்தது. அடுத்த வருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷமும்.

விழா நடக்கும் கல்யாண மண்டப வாசலில் சுண்டல் விற்கும் கிளியம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னா தம்பி, வருசா வருசம் பொட்டிய தூக்கினு வர்ற, தூக்கினு போற. உள்ள இன்னாதான் கீது?"

"கிடார், அக்கா."

"மெய்யாலுமா? நீ ஏதோ பொட்டி சுமக்கிற ஆளுன்னு நெனச்சேன்."

ஏழாம் ஆண்டு விழா, முடிச்சூர் சாலையில் அதே கல்யாண மண்டபம். ராஜகோபால் குழுவின் கொள்கையை மைக்கில் முழங்கினார்: "கரண்ட் கலக்காத சுத்தமான இசை! நமக்கு வயரே வேணாம்! அதுதான் நம்ம..."

கரண்ட் போனது.

தலைவரின் குரல் முதல் வரிசையைக்கூட எட்டவில்லை. "எல்லாரும் அப்படியே உக்காருங்க," என்று கத்தினார். "கரண்ட் வந்ததும் ஆரம்பிக்கலாம்!"

யேசுதாசன் இருட்டைப் பார்த்தான். இந்த இருட்டில் துணைக்குழுவாலும் அவனைப் பார்க்க முடியாது. பெட்டியைத் திறந்தான்.

முதலில் விரல்கள் தயங்கின. பிறகு, ஏழு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது ஒவ்வொன்றாக வந்தது. எங்கிருந்தோ வேதசிரோமணியின் கிளாரினெட் மெல்லச் சேர்ந்துகொண்டது. செயலாளர் துளசிங்கம் பதவியை மறந்து நாற்காலி முதுகில் தாளம் போட்டான். அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். வாசலிலிருந்து ஒரு குரல்: "அட பாவி, இத்த வச்சிக்கினா சும்மா குந்திக்கினு இருந்தே!"

கரண்ட் வந்தது.

யேசுதாசன் இன்னும் முடிக்கவில்லை. கை அந்தரத்தில் நின்றது. துளசிங்கம் அவசரமாக நாற்காலியில் உட்கார்ந்து செயலாளரானான். ராஜகோபால் மைக்கை இரண்டு தட்டு தட்டி, கம்பீரமாகச் சொன்னார்:

"தடங்கலுக்கு வருந்துகிறோம்."

தாம்பரத்தில் ஜாஸுக்கு ரசிகர்கள் இல்லை என்று சொல்வது அபாண்டம். அன்று மண்டபம் நிறைய இருந்தார்கள். வெளிச்சம் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அத்தனை பேரும் கைதட்டினார்கள், தலைவருக்கு.