ஆவிக்குள் போன பாடகர்

"கொலை நடந்தது எந்த மூலையிலங்க?"

வெந்நீர்க் குளத்தின் நடுவில் கழுத்தளவு நீரில் நின்றபடி ஒரு வெளியூர்க்காரர் உரக்கக் கேட்டார். கரையில் நின்ற எமெஷேவுக்கு உடம்பு கூசியது. கேட்டவருக்கு ஒரு முழம் தள்ளித்தான், நீலக் குளியல் தொப்பி அணிந்து, கண்களை மூடி மிதந்துகொண்டிருந்தாள் ஷரோல்தா. காணாமல் போனவரின் மனைவி.

எமெஷே அந்தக் குளியல் நிலையத்துக்கு மேலாளராக வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கதை மட்டும் முதல் நாளே காதில் விழுந்துவிட்டது. நாற்பது வருடத்துக்கு முன், பனி கொட்டிய ஒரு மதியம், பாடகர் அலதார் பாடிக்கொண்டே இந்தக் குளத்தில் இறங்கினார். ஆவி அப்படி மண்டியிருந்தது. யாருக்கும் யார் முகமும் தெரியவில்லை. பாட்டு பாதியில் நின்றது. ஆவி விலகியபோது அவர் இல்லை. உடலும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ஊர் அந்த ஆவிக்குள்ளேயே மிதந்துகொண்டிருந்தது.

"அதோ, அந்தக் கிழக்கு மூலைங்க," என்று எமெஷே வாய்க்கு வந்ததைச் சொன்னாள். கிழவியை விட்டு ஆள் நகர்ந்தால் போதும்.

மறுநாள் கிழக்கு மூலையில் கால் வைக்க இடமில்லை. அங்கே தண்ணீரில் மிதக்கும் பலகையில் சதுரங்கம் ஆடும் கெல்லேர்த்தும் ஓடோனும் பலகையோடு துரத்தப்பட்டு, நேராக ஷரோல்தாவின் பக்கத்தில் வந்து சேர்ந்தார்கள்.

"பொண்டாட்டிதான்யா பண்ணியிருப்பா," என்றார் ஓடோன், குதிரையை நகர்த்திக்கொண்டே. "எந்தக் கேஸ எடுத்தாலும் பொண்டாட்டிதான்."

"மெதுவாப் பேசுய்யா, பக்கத்துலயே இருக்காங்க."

"இருக்கட்டுமே. நாப்பது வருஷமாக் கேட்டுட்டுதான இருக்காங்க!"

ஷரோல்தா கண்ணைத் திறக்கவில்லை.

அன்று மாலையே எமெஷே ஓர் அறிவிப்புப் பலகை மாட்டினாள்: 'குளத்தில் அந்தச் சம்பவம் பற்றிப் பேசக் கூடாது.'

பலகையைப் படம் பிடிக்கவே பக்கத்து ஊரிலிருந்து பேருந்தில் ஆள் வந்தார்கள். "எந்தச் சம்பவம்?" என்று தெரியாதவர்கள் கேட்டார்கள். தெரிந்தவர்கள் கிசுகிசுத்தார்கள். ஆவிக்குள் கிசுகிசு வெகுதூரம் போகும். குளம் முழுவதும் "பொண்டாட்டி... பொண்டாட்டி..." என்று தூக்கத்தில் முனகுவதுபோல இருந்தது.

எமெஷேவால் தாங்க முடியவில்லை. ஒலிபெருக்கியை எடுத்தாள்.

"எல்லாரும் கேளுங்க! இங்க கொலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அலதார் கொதிகலன் அறை வழியா வெளிய போய், ஒரு நாட்டியக்காரியோட வியன்னாவுக்கு ஓடிட்டாரு. அப்ப இங்க வேலை பாத்தவரே என்கிட்ட சொன்னாரு. ஷரோல்தாம்மா மேல ஒரு பாவமும் இல்ல!"

அப்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது.

குளத்தில் இருந்த தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"ஓடிட்டானா?" என்றார் கெல்லேர்த், பாதி உறக்கத்தில் எழுப்பப்பட்டவர்போல. "அவ்வளவுதானா?"

"எப்படிக் கொன்னுருப்பாங்கன்னு நாப்பது வருஷம் யோசிச்சு வச்சிருந்தேம்மா," என்றார் ஓடோன். "ராத்திரி படுத்தா அதை நெனச்சுட்டேதான் தூங்குவேன். இனிமே நான் எதை நெனச்சுட்டுத் தூங்குறது?"

அடுத்த நாள் சதுரங்கப் பலகை வரவில்லை. பேருந்தும் வரவில்லை. வந்த நாலைந்து பேரும் ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் ஊறிவிட்டு எழுந்து போனார்கள். ஷரோல்தாவைக் கடக்கும்போது மட்டும் நின்று, "த்சொ... பாவம்," என்றார்கள்.

அந்தி சாயும் நேரம். பனி மெல்ல விழுந்துகொண்டிருந்தது. வெறுமையான குளத்தில் ஷரோல்தா மட்டும் மிதந்தாள். விரலசைத்து எமெஷேவைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, உன்னை யார் கேட்டா?"

"உங்களை எல்லாரும் கொலைகாரின்னு..."

"சொல்லட்டுமே! அப்ப எனக்கு ஒரு மரியாதை இருந்துச்சு. கறிக்கடைக்காரன் நல்ல துண்டாப் பாத்து வெட்டிக் குடுப்பான். பேருந்துல நான் ஏறினா ஜன்னலோர சீட்டு தானாக் காலியாகும். மேல்வீட்டுக்காரன் பத்து மணிக்கு மேல செருப்புப் போட்டுக்கூட நடக்க மாட்டான். நேத்து அதே ஆளு வந்து என் தோளத் தட்டி, 'விட்டுட்டு ஓடிட்டாராமே, ஏதாச்சும் உதவி வேணுமா'ங்கிறான். எனக்கு! உதவி!"

எமெஷேவின் கண்கள் நிறைந்துவிட்டன. கரையில் மண்டியிட்டாள்.

"மன்னிச்சுடுங்கம்மா. எல்லாம் நானாக் கட்டின கதை. நாட்டியக்காரியும் கிடையாது, வியன்னாவும் கிடையாது. அவரு ஓடலைன்னு நாளைக்கே எல்லார் முன்னாடியும் சொல்லிடுறேன்."

ஷரோல்தாவின் முகம் மலர்ந்தது. எமெஷேவின் கையை ஈரக் கையால் அன்போடு தட்டிக்கொடுத்தாள். பிறகு மெல்லப் பின்னோக்கி நீந்தினாள். ஆவி அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடியது. முதலில் தோள், பிறகு முகம், கடைசியில் அந்த நீலத் தொப்பி. குரல் மட்டும் உள்ளேயிருந்து வந்தது.

"சொல்லும்மா, தைரியமாச் சொல்லு. ஓடத்தான் பாத்தாரு. நான்தான் விடல."