இறங்கக் கூடாத கோடு

ஏறிய எதுவும் இனி இறங்கக் கூடாது என்று இயற்கைக்கே உத்தரவு போட்ட மாமேதை எங்கள் ஆய்வக இயக்குநர். அவருடைய நேர்முக உதவியாளன் என்ற முறையில், அந்த உத்தரவைத் தட்டச்சு செய்யும் பாக்கியம் எனக்கே வாய்த்தது.

எங்கள் ஆய்வாளர் அம்மா, மீன் முட்டைக்குள் கரு வளர்வதைப் பார்ப்பவர். எந்த மரபணு எப்போது விழிக்கிறது, எப்போது ஓய்கிறது என்று வரைபடம் போடுவார். இதயத்தை உருவாக்கும் மரபணு ஒன்று விறுவிறுவென்று ஏறி, இதயம் துடிக்கத் தொடங்கியதும் சரசரவென்று இறங்கியது. பலவீனமான இதயத்தோடு பிறக்கும் குழந்தைகளுக்காக, அதே மரபணுவை எழுப்பும் மருந்து ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்த மருத்துவமனை அந்த வரைபடத்தைக் கேட்டிருந்தது.

இயக்குநர் அவசரக் கூட்டம் போட்டார்.

“ஏம்மா, இது ஏன் சரியுது?”

“வேலை முடிஞ்சுது சார். அடங்கிடுது.”

“வேலை முடிஞ்சா அடங்கிடறதா? நான் அடங்கினேனா?”

யாரும் மறுக்கவில்லை.

“இறங்குற கோட்டைப் பார்த்தா நிதி குடுக்கிறவங்க என்ன நினைப்பாங்க? கொஞ்சம் ‘தட்டி நிமிர்த்து’ம்மா.”

அம்மா நிமிர்த்தவில்லை. மரபணுவை அடங்கவிடாமல் வளர்த்த ஒரு கருவை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார். இதயம் பலூன் மாதிரி ஊதி, துடிக்கத் திணறியது.

“பாருங்க சார். இது பொழைக்காது.”

“அடடா, எவ்வளவு பெரிய இதயம்!” இயக்குநர் நெகிழ்ந்துபோனார். “படம் எடுங்கய்யா!”

ஆண்டறிக்கை அட்டையில் அந்தப் படம் வந்தது: ‘பெரிய இதயம் படைத்த நிறுவனம்’. உள்ளே, வானத்தைப் பார்த்து ஏறும் ஒரு கோடு.

ஆய்வாளர் அம்மா, கோடு இறங்கும் நிஜ வரைபடத்தை மருத்துவமனைக்குத் தானே அனுப்பினார். ‘ஒழுங்கு’ கருதி அன்றே அவரை வேலையை விட்டு நீக்கினோம். நுண்ணோக்கிக்கு உறை போட்டுவிட்டுப் போனார்.

சில மாதம் கழித்து, மருத்துவமனையின் இதய டாக்டர் நேரில் வந்தார்.

“நீங்க அனுப்பின படத்தைப் பார்த்துத்தான் மருந்தை நடுவுல நிறுத்தினோம். இல்லேன்னா குழந்தைங்க இதயம் வீங்கியிருக்கும் சார். யார் பண்ணின வேலை?”

“எல்லாம் கூட்டு முயற்சிதான்” என்றார் இயக்குநர், தன்னடக்கத்தோடு.

“ஆனா உங்க அறிக்கையில கோடு ஏறிக்கிட்டே போகுதே?”

“அதுவா? அச்சுப் பிழை.”

டாக்டர் போனதும், பிழையைத் திருத்தி அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம்யா. அறிக்கை ஊர்ல இருக்கிற ஆஸ்பத்திரிக்கெல்லாம் போயாச்சு. இப்ப மாத்தினா நமக்குத்தானே அசிங்கம்?”

இப்படியாக நிறுவனத்தின் மானம் காப்பாற்றப்பட்டது. குழந்தைகளைக் காப்பாற்றுவது எங்கள் அதிகார வரம்புக்குள் வராது.