குன்னத்தில் என் சமாதி

உயிரோடு இருக்கும்போதே தனக்கென்று ஒரு சமாதி அமையப் பெற்றவர்கள் அதிகம் பேர் இல்லை. பழங்கால எகிப்து ராஜாக்களுக்கு அமைந்தது. அடுத்தபடியாக எனக்கு. அவர்களுடையது பாலைவனத்தில் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது. என்னுடையது பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில், குன்னத்தில் ஒரு குளத்தங்கரைப் புளியமரத்தடியில் இருக்கிறது. முழங்கால் உயரம். (புல் வளர்ந்துவிட்டால் அதுவும் தெரியாது.)

ஐ.டி.ஐ.யில் டிராப்ட்ஸ்மேன் கோர்ஸ் முடித்துவிட்டு நான் வீட்டில் சும்மா இருந்த சமயம் அது. என் அக்கா பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அங்கே டிராயிங் டீச்சர் இடம் காலியாக இருந்தது. "அரியலூர் கண்காட்சியில நம்ம ஸ்கூலுக்குப் பேர் வர்ற மாதிரி ஏதாவது செஞ்சு குடுக்கச் சொல்லு. உன் தங்கச்சிக்குத்தான் அந்த வேலை" என்று தலைமையாசிரியை அக்காவிடம் சொல்லிவிட்டார். அன்றைக்கே நான் மனத்துக்குள் வேலையில் சேர்ந்து, சம்பளம் வாங்கி, ஒரு கைக்கடிகாரமும் கட்டிக்கொண்டேன்.

என்ன செய்வது என்பதை ஒரு படப்புத்தகம் முடிவு செய்தது. பள்ளி நூலகத்தில் எகிப்தைப் பற்றி அகலமான வண்ணப் புத்தகம் ஒன்று இருந்தது. முதல் பாதியில் நைல் நதிக்கரையில் உழுகிறார்கள், ரொட்டி சுடுகிறார்கள், பூனையை மடியில் வைத்துக்கொண்டு கொட்டாவி விடுகிறார்கள். குன்னம் பக்கத்துச் சோளக்கொல்லையில் நடப்பதுதான். நடுப்பக்கத்தைத் திருப்பினால் காட்சி மாறிவிடும். மேஜைமேல் ஒரு மனிதன் கிடப்பான். மூக்கு வழியாக ஒரு கொக்கியை விட்டு மூளையை இழுத்துக்கொண்டிருப்பார்கள். குடலுக்கு ஒரு ஜாடி, ஈரலுக்கு ஒரு ஜாடி. உடம்பை உப்பில் புதைத்து, காய்ந்தபின் துணி சுற்றி, முகத்துக்கு முகமூடி போட்டு, பக்கத்தில் சீப்பு, வளையல், ரொட்டி எல்லாம் வைத்துக் கதவை அடைத்துவிடுவார்கள். செத்தவர் எழுந்து தேடினால் கைக்கு எட்ட வேண்டுமாம். கடைசிப் பக்கத்தில் அந்த முகமூடி மட்டும் பெரிதாக இருக்கும். குழந்தைகள் யாரும் அந்தப் பக்கத்தைத் திறக்க மாட்டார்கள். புத்தகத்தை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அது நம்மையே பார்க்கும்.

நான் பார்த்தது கண்ணை அல்ல, செய்முறையை. வரிசை எண் போட்ட செய்முறையைக் கண்டால் எனக்குக் கைகால் நிற்காது.

ஆளுயர மம்மி ஒன்று செய்தேன். மூங்கில் சட்டம், வைக்கோல் உடம்பு, மேலே கோடி வேட்டியைக் கிழித்துச் சுற்றிய பட்டைத்துணி. அளவெடுக்க இலவசமாகக் கிடைத்த ஒரே உடம்பு என்னுடையது என்பதால் என் உயரம், என் தோளகலம். முகமூடிக்கும் என் முகம்தான். தேங்காய் எண்ணெய் தடவி, மூக்கில் பப்பாளிக் குழல் சொருகி நான் படுத்துக்கொள்ள, அக்கா மாவுக்கட்டு மாவைக் குழைத்து அப்பினாள். அது காயும்வரை அக்காவின் குரல் எங்கோ மேலேயிருந்து, மண்ணுக்குள் இறங்கி வருவதுபோல வந்தது. "மூச்சு வருதாடி?" பதில் சொல்ல வாய் இல்லை. விரலை ஆட்டினேன்.

அந்த அச்சில் எடுத்த முகம் என்னைப்போலத்தான் இருந்தது. ஆனால் நான் ஒருநாளும் அவ்வளவு நிதானமாக இருந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு, எல்லாம் தெரிந்தவள்போல இருந்தது. தங்கப் பெயிண்ட் கிடைக்காமல் மஞ்சள் பூசினேன். அம்மா அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். காலையில் பார்த்தால் அது எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. (அப்பா ஆணி தேடியபோது நகர்த்தியிருப்பார். அப்படித்தான் சொன்னார். சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்தார்.)

பிறகு சில தொழில்நுட்பக் கோளாறுகள். முகமூடி வழுக்கிக்கொண்டே இருந்தது. தாடைக்கு அடியில் ஒரு துணி கொடுத்து உச்சந்தலையில் முடிந்தேன். கால்கள் இரண்டும் விரிந்துகொண்டே போயின. இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டினேன். வைக்கோலில் பூச்சி வந்தது. சாம்பிராணி போட்டுக் கற்பூரம் வைத்தேன். ஒவ்வொன்றும் சரியான தீர்வு. எல்லாம் முடிந்ததும் அக்கா எட்ட நின்று பார்த்தாள்.

"என்னடி இது, பொணம் மாதிரியே இருக்கு?"

"மம்மின்னா பொணம்தானேக்கா."

"இது எகிப்துப் பொணம் மாதிரி இல்லடி. நம்ம தெருப் பொணம் மாதிரி இருக்கு."

படிக்காதவர்கள் சொல்லும் கருத்து என்று அதை ஒதுக்கினேன். (அக்கா பி.ஏ., பி.எட்.)

மார்கழிப் பனி இறங்கிக்கொண்டிருந்த காலையில் மம்மியை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனோம். முகத்தை ஒரு துண்டால் மூடியிருந்தேன். கண்டக்டர் சுற்றிவந்து பார்த்தார்.

"ஏம்மா, இது டிக்கெட்டா, லக்கேஜா?"

"பொம்மைங்க. கண்காட்சிக்கு."

"உசுரு இருந்தா டிக்கெட்டு, இல்லன்னா லக்கேஜு. மேல ஏத்துங்க."

பஸ்ஸுக்குள் சின்ன வெங்காய மூட்டைகள். அக்காவுக்கு பஸ் ஏறினாலே வாந்தி வரும். தூக்கம் சொக்கவைக்கிற மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குன்னம் வருவதற்குள் அவள் கண்ணும் மூக்கும் சிவந்து வழிந்தன. குன்னத்தில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது, அதற்குப் பிறகு எழவில்லை. அடுத்து வந்த பஸ் ஆளை ஏற்றிக்கொண்டது. மேலே இடமில்லை என்று மம்மியை மட்டும் மறுத்துவிட்டது. பதினோரு மணிக்குப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் கண்காட்சியைத் திறந்துவைக்க வருகிறார். மம்மியைப் புளியமரத்தடியில் நீட்டிக் கிடத்தி, அக்காவைக் காவல் வைத்துவிட்டு, வண்டி பிடிக்க ஓடினேன்.

ஒரு டயர் வண்டிக்காரரைப் பேசிக் கூட்டிக்கொண்டு திரும்பியபோது மரத்தடியில் கூட்டம். பனிக்குள்ளிருந்து ஒப்பாரி கேட்டது.

"என்னங்க ஆச்சு?" என்று ஓரத்தில் நின்ற ஒருத்தியைக் கேட்டேன்.

"ஒரு பொண்ணு பூட்டுது தாயி. சின்ன வயசு. படிச்ச புள்ளயாட்டம் இருக்கு. பெரம்பலூரு ஆஸ்பத்திரியிலேருந்து கொண்டாந்திருப்பாங்க போல, பஸ்ஸு நின்னுபோயி நடுவழியில கெடக்குது. கூடப்பொறந்தவ அழுது அழுது மயங்கிட்டா."

"அடப்பாவமே" என்றேன். மெய்யாகவே வருத்தப்பட்டேன். இந்தக் கூட்டத்தில் என் மம்மியை யாராவது மிதித்துவிடப் போகிறார்களே என்ற கவலையும் கூடவே வந்தது. (இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. டிராப்ட்ஸ்மேன் கோர்ஸில் நான் முதல் வகுப்பு.)

வெங்காயக் கொல்லைக்குப் போகக் கிளம்பிய பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை என்று ஒருத்தி முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்னால் இழுத்தார்கள். கைப்பக்குவம் தெரிந்தவளே என்று அழுதாள். (எனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது.) மாலை மாற்றாமல் போனாயே என்று அழுதாள். நல்ல பாட்டு. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. தோள்களுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

தலைமாட்டில் விளக்கு எரிந்தது. மேலே யாரோ பன்னீர் தெளித்திருந்தார்கள். துண்டு விலகிக் கிடந்தது. மஞ்சள் பூசிய முகம், தாடைக்கட்டு, ஒன்றாகக் கட்டிய கட்டைவிரல்கள். நடுவே நான் கிடந்தேன்.

அது நான் செய்ததுதான் என்று எனக்குத் தெரியும். மூங்கில் எவ்வளவு, வைக்கோல் எவ்வளவு என்றும் தெரியும். ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரம் அங்கே கிடப்பவள்தான் நிஜம், நிற்கிறவள்தான் செய்யப்பட்டவள் என்று தோன்றியது. பனியில் எனக்குக் கைகால் தெரியவில்லை. "நிறுத்துங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அன்றைக்கு மாவுக்கு அடியில் வாய் இல்லை. இன்றைக்கு வாய் இருந்தது, குரல் இல்லை. முன்பின் தெரியாத இத்தனை பேர் எனக்காக அழுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில் நின்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கிடக்கிற முகத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

அவள் போட்ட சத்தத்தில் புளியமரத்துக் காக்கையெல்லாம் கிளம்பிவிட்டது. ஒப்பாரி பாதி வரியில் அறுந்தது. அந்தச் சத்தத்தில் அக்கா விழித்துக்கொண்டாள். ஒரு கை மம்மியின் மார்பில் இருக்க, கொட்டாவி விட்டபடி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "வந்துட்டியாடி? எவ்வளவு நேரம்!"

பாதிக் கூட்டம் ஓடியது. அஞ்சலை மட்டும் ஓடவில்லை. "அவ காலு தரையில பாவுதான்னு பாருங்கடி" என்றாள். பாவியிருந்தது. கிட்டே வந்து என் கையை நன்றாகக் கிள்ளினாள்.

"வலிக்குதா?"

"வலிக்குதுங்க."

"அப்ப இது யாரு?"

வரிசையாக விளக்கினேன். முதலாவது மூங்கில், இரண்டாவது வைக்கோல், மூன்றாவது மாவுக்கட்டு. கையோடு கொண்டுவந்திருந்த படப்புத்தகத்தைத் திறந்து மூக்கில் கொக்கி விடுகிற பக்கத்தையும் காட்டினேன். (உதவவில்லை.) துணியைக் கொஞ்சம் கிழித்து வைக்கோலைக் காட்டியதும்தான் சிரிப்பு வந்தது அவர்களுக்கு. நானும் சிரித்துக்கொண்டே வண்டிக்காரரைப் பார்த்தேன்.

"ஏத்துங்கண்ணே, நேரமாச்சு."

"பொணம்னா ஏத்த மாட்டேன். பொம்மைன்னாலும் இனிமே ஏத்த மாட்டேன்" என்றார் அவர்.

அஞ்சலையும் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "பாட்டு படிச்சாச்சு, வெளக்கு ஏத்தியாச்சு. பாதியில தூக்கிக்கிட்டு இன்னொரு ஊருக்குப் போவியா? மொகம் உன் மொகம். அது எங்க போனாலும் உன்னைத் தேடிக்கிட்டுதான் நிக்கும்."

"அது போகலன்னா என் வேலை போயிடுங்க."

"வேல போனா வேற வேல. எடுத்துக் கட்டுன ஒப்பாரிய என்னா பண்றது?"

நான் அக்காவைப் பார்த்தேன். பி.ஏ., பி.எட். வாயைத் திறந்தது. "அவங்க சொல்றது சரிதான்டி. அந்த மூஞ்சி எனக்கும் புடிக்கல."

டீக்கடையிலிருந்து இரண்டு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். நான் பார்க்கக் கூடாது என்று என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். ஆனால் குழி கட்டையாக இருக்கிறது என்று அவர்களுக்குள் வாக்குவாதம் வந்துவிட்டது. என் உயரம் எனக்குத்தான் தெரியும். திரும்பாமலே அளவு சொன்னேன். பிறகு, திரும்பியும் பார்த்துவிட்டேன். முதல் மண் அந்த மஞ்சள் முகத்தில் விழுந்தது. அது கண் திறக்கவில்லை. என் கண்தான் தானாக மூடிக்கொண்டது.

முடிந்ததும் குளத்துத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு என் தலையில் ஊற்றினார்கள். மார்கழித் தண்ணீர். உயிரோடுதான் இருக்கிறேன் என்பதில் அதற்குப் பிறகு சந்தேகம் வரவில்லை.

சொட்டச் சொட்ட, பற்கள் அடித்துக்கொள்ள, படப்புத்தகத்தை மார்போடு அணைத்தபடி நான் கண்காட்சிக்குள் நுழைந்தேன். எங்கள் பள்ளியின் மேஜை காலியாக இருந்தது. மேலே "எகிப்திய மம்மி" என்று அட்டை மட்டும் தொங்கியது. இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு மேஜைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

"மம்மி எங்கம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா மிகுந்த பணிவோடு சொன்னாள்: "அடக்கம் பண்ணிட்டோம் சார்."

தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையில் டிராயிங் டீச்சர் வேலையும் அடக்கமானது. எரிமலை செய்து புகை விட்ட இன்னொருத்திக்கு அது போயிற்று.

எனக்குப் பிறகு அரியலூர் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வரைபட வேலை கிடைத்தது. தினமும் குன்னம் வழியாகத்தான் பஸ். புளியமரம் வரும்போதெல்லாம் கைப்பையில் எதையோ தேடுவேன். ஒருநாள் அங்கே பஸ் டயர் பஞ்சராகி நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் இறங்கினேன். புல்லுக்கு நடுவே ஒரு கல் நட்டு மஞ்சள் பூசியிருந்தார்கள். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்ணைக் கேட்டேன்.

"அது படிச்ச பொண்ணுங்க. பரிச்சைக்குப் போற புள்ளைங்க கும்புட்டுட்டுப் போவும்."

"கீழ இருக்கிறது வைக்கோல்தானாமே?"

"தெரியுமே. வைக்கோலுதான். அதுக்காவ கும்புடக் கூடாதுங்களா?"

கல்லுக்கு முன்னால் ஒரு சீப்பு இருந்தது. கண்ணாடி வளையல், முறுக்கு, சீவின பென்சில்கள். எழுந்து தேடினால் கைக்கு எட்டுகிற தூரத்தில், அந்தப் புத்தகத்தில் இருந்த மாதிரியே, அந்தப் புத்தகத்தைப் பார்த்தே இராதவர்கள் வைத்திருந்தார்கள். வெயில் அடித்தது. எனக்கு மட்டும் குளிர்ந்தது.

ஆனால் அன்று ஆபீஸில் என் பென்சில் தீர்ந்திருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். என்னுடையதுதானே.

இதை வீட்டில் சொன்னது தப்பாகிவிட்டது. இன்றைக்கும் பென்சில் காணோம் என்று நான் இரண்டு இழுப்பறையைத் திறந்து மூடினால் போதும், அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்துவிடும்.

"குன்னத்துல வச்சிருப்பாங்க, போயி எடுத்துக்கடி."