கத்திரிக்கோல் எழுதி வைத்த கார்டு

எழுபதுகளில் கத்திரிக்கோலின் சம்மதம் இல்லாமல் திருவண்ணாமலையில் ஒருவரும் ஒரு புத்தகமும் படித்ததில்லை. கொஞ்சம் மிகையாக இருக்கலாம். எதைச் சொன்னாலும் உடனே அது சரிதானா என்று திரும்பிப் பார்க்கிற வழக்கம் எனக்கு உண்டு. அந்த வழக்கம்தான் என்னை அவரிடம் கொண்டு போய்ச் சேர்த்தது.

எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்த சின்ன நூலகத்துக்கு அவர்தான் பொறுப்பு. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் கத்திரிக்கோல் இருக்கும்; அதுவே பெயராகிவிட்டது. உண்மைப் பெயர் அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். எந்தப் பத்திரிகையில் புத்தக மதிப்புரை வந்தாலும், புத்தகத்தின் பெயர், பத்திரிகை, மாதம், பக்கம் எல்லாவற்றையும் ஒரு கார்டில் எழுதி, மர டிராயரில் அகரவரிசையில் நிறுத்திவிடுவார். மூலையில் சிவப்பு மையில் ஒரு தீர்ப்பு இருக்கும்: ‘புகழ்ச்சி’ அல்லது ‘வசை’ அல்லது ‘மழுப்பல்’. அதற்குக் கீழே, எழுதியவரைப் பற்றி ஒரு வரி: ‘ஆசிரியருக்கு நண்பர்.’ ‘ஆசிரியரோடு மனஸ்தாபம்.’ ‘அட்டைப் படம் வரை படித்திருக்கிறார்.’

நூலகத்துக்கு வரும் பத்திரிகைகள் மேல் கத்திரிக்கோல் படாது. அவை வருஷவாரியாகத் தைக்கப்பட்டு உள் அறைக்குப் போய்விடும். நூலகம் வாங்காத பத்திரிகைகளுக்கு அவர் வடைக் கடையை நம்பியிருந்தார். வடையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, பொட்டலக் காகிதத்தைப் பிரித்து வெளிச்சத்தில் பிடிப்பார்; மதிப்புரை இருந்தால் வெட்டிக்கொள்வார். சில மதிப்புரைகளில் மசால்வடை வாசம் வரும். ஒரு கார்டில், ‘புகழ்ச்சி. கீழ்ப்பாதி சட்னியில் போய்விட்டது’ என்று நானே படித்திருக்கிறேன்.

புத்தகம் எடுக்க வருகிறவர்களுக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். இரண்டு மதிப்புரையாவது படித்திருக்க வேண்டும். ஒன்று புகழ்ந்தது, ஒன்று திட்டியது. செங்கம் சாலைப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் மலையைப் பற்றிய புத்தகம் கேட்டு வந்தார். கத்திரிக்கோல் அவருக்குத் திட்டிய மதிப்புரையை முதலில் எடுத்து, தன் ஆங்கிலத்தில் விளக்கினார்: இந்தப் புத்தகத்தைப் படிக்கும் நேரத்தில் மலையையே பார்த்துவிடலாம் என்று எழுதியிருக்கிறது. அவர் நன்றி சொல்லிவிட்டு மலையைப் பார்க்கப் போனவர்தான். திரும்பி வரவே இல்லை.

கத்திரிக்கோல் கல்யாணம் செய்துகொள்ளாததற்கும் இதே சட்டம்தான் காரணம் என்பார்கள். பெண்ணைப் பற்றி விசாரித்த இடத்தில் எல்லாரும் தங்கமான பெண் என்று சொல்லிவிட்டார்களாம்.

“ஒருத்தராவது ஒரு குறை சொல்லணும் இல்ல? எல்லாமே புகழ்ச்சினா எப்படிங்க நம்பறது?” என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாராம்.

நான் அவரிடம் போனபோது என் மகள் செல்விக்கு நான்கு மாதம். பட்டதாரி நான், பிள்ளை வளர்ப்பதையும் பாடமாகத்தானே படிக்க வேண்டும்? குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்றை ஒரு தோழி பரிசாகக் கொடுத்திருந்தாள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பால். நடுவில் அழுதால் அழ விட வேண்டும். அப்போதுதான் ஒழுக்கம் வரும் என்றது புத்தகம். நான் அதை அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டேன். செல்வி அழுவாள். நான் கடிகாரத்தின் முன் நின்று அழுவேன்.

என் கணவரின் அக்கா பக்கத்து வீட்டிலேயே இருந்தார்.

“ஏண்டி, வேலூர் பஸ்ஸுக்கே இவ்ளோ கரெக்டா டைம் கெடையாது. பால் குடிக்கிற புள்ளைக்கு டைம்டேபிள் போட்டுக்குனு நிக்கிறியே!”

“புத்தகத்துல போட்டிருக்குது அண்ணி.”

“புத்தகமா புள்ள பெத்துது?”

அந்த மாதம் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது முள் போன மாதத்து இடத்திலேயே நின்றது. நர்ஸம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அண்ணி சொல்வது சரியா, புத்தகம் சொல்வது சரியா? வேறொரு பெண்ணாக இருந்தால் குழந்தையின் முகத்தைப் பார்த்து முடிவு செய்திருப்பாள். நான் மதிப்புரை தேடிக் கிளம்பினேன்.

இடுப்பில் செல்வி, பையில் புத்தகம். விஷயத்தைச் சொன்னேன். “டிராயர் அங்க இருக்குதும்மா. நீங்களேதான் தேடணும். நான் எடுத்துக் குடுத்தா என் அபிப்பிராயம் ஒட்டிக்கும்” என்றார்.

தேடினேன். புத்தகத்தின் பெயரில் மூன்று கார்டுகள் இருந்தன. மூன்றும் எழுபதாம் வருஷத்துப் பத்திரிகைகளைச் சொல்லின. என் புத்தகமோ எழுபத்தாறில் அச்சானது. ஆறு வருஷம் கழித்து வரப்போகிற புத்தகத்துக்கு எப்படி மதிப்புரை எழுத முடியும்? இது வேறு ஏதோ புத்தகம் என்று முடிவு கட்டி, கார்டுகளை அப்படியே வைத்துவிட்டு, உள் அறையில் எழுபத்தாறாம் வருஷத் தொகுப்புகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். இரண்டு நாள் புரட்டினேன். கிடைத்தது தும்மல்தான்.

மூன்றாம் நாள் அவரால் பொறுக்க முடியவில்லை.

“இன்னாம்மா தேடறீங்க அங்க? புக்கோட ரெண்டாம் பக்கத்தைப் பாத்தீங்களா?”

பார்த்தேன். பொடி எழுத்தில் ‘மூன்றாம் பதிப்பு’ என்றிருந்தது. முதற்பதிப்பு, எழுபது.

“மதிப்புரை மொதப் பதிப்புக்குத்தாம்மா வரும். மூணாவது தடவ அச்சடிச்சா எவன் எழுதுவான்? பி.ஏ. படிச்சிருக்கீங்க!”

பி.ஏ.யை அவ்வளவு சின்னதாக நான் உணர்ந்தது அன்றுதான். சரியான தொகுப்புகளை எடுத்து வந்து மூன்றையும் படித்தேன். முதலாவது, ஒவ்வொரு இல்லத்திலும் இருக்க வேண்டிய நூல் என்றது. கார்டில்: ‘புகழ்ச்சி. ஆசிரியருக்குச் சம்பந்தி.’ இரண்டாவது, இன்னும் சிறப்பாக இருந்திருக்கலாம், ஆனாலும் சிறப்பு என்றது. ‘மழுப்பல்.’ மூன்றாவது, தாளும் கட்டமைப்பும் நேர்த்தி என்றது. ‘புகழ்ச்சி. பைண்டரைப் பற்றி.’ பால் என்ற சொல் ஒன்றிலும் இல்லை.

“திட்டினது ஒண்ணுகூட இல்லையா சார்?” என்று கேட்டேன்.

“இல்லம்மா.”

“யாரையாவது நம்பலாம்னு எந்தக் கார்டுலயாவது எழுதியிருக்கீங்களா?”

டிராயரைத் திரும்பிப் பார்த்தார். “இதுவரைக்கும் தேவைப்படலம்மா.”

அப்போது செல்வி அழ ஆரம்பித்தாள். செய்தித்தாள்களுக்குப் பின்னாலிருந்து ஏழெட்டுத் தலைகள் எழுந்தன. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபது.

“கொழந்த அழுவுது இல்லம்மா?”

“இன்னும் நாப்பது நிமிஷம் இருக்குதுங்க.”

அவர் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், செல்வியை வெகு நேரம் பார்த்தார். பிறகு மேசை மேலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“அந்தப் புக்கைப் பத்தி வாய்விட்டுச் சொல்றது இந்த ஊர்ல இவ ஒருத்திதான். வசைனு போட்டுக்கறேன். போங்கம்மா, உள்ள போயி பால குடுங்க.”

தொகுப்புகள் இருந்த அறைக்குள் போனேன். அவர் வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு பெரியவர் பழைய மாத இதழ் கேட்டு வந்தார்.

“உள்ள போவ முடியாதுங்க. ஆராய்ச்சி நடக்குது.”

செல்வி குடித்தாள். கடிகாரம் பன்னிரண்டு அடித்தபோது தூங்கிப்போயிருந்தாள். அடுத்த மாதம் முள் நகர்ந்தது. அண்ணி தெரு முழுக்க அதைத் தன் வெற்றியாகச் சொல்லிக்கொண்டார். போகட்டும், பாதி அவருடையதுதான்.

அன்று விடைபெறும்போது கத்திரிக்கோல் சொன்னார்: “அடுத்த பொம்பள வந்து தேடுவாங்க இல்ல? நீங்க ஒரு மதிப்புரை எழுதிப் போடுங்க.”

ஒரு வார இதழுக்கு எட்டு வரி எழுதினேன். அதில் மூன்று இடத்தில் ‘என்று நினைக்கிறேன்’ இருந்தது. அழுகிற குழந்தைக்கு மணி பார்க்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், இப்படி. பெயர் போடத் துணிச்சல் இல்லாமல் ‘செல்வியின் அம்மா’ என்று கையெழுத்திட்டேன். தபாலில் போட்டதும் திரும்ப எடுக்க முடியுமா என்று போஸ்ட்மேனைக் கேட்டேன். அது அச்சில் வருவதற்குள் கணவருக்கு மாற்றலாகி ஊரை விட்டுப் போய்விட்டோம்.

எட்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தோம். செல்வி மூன்றாம் வகுப்பு. இடுப்பில் இப்போது அவள் தம்பி. கத்திரிக்கோல் ஓய்வு பெற்று எங்கேயோ போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு எங்கே என்று தெரியவில்லை. டிராயர்கள் மட்டும் அதே இடத்தில் இருந்தன.

சும்மா இழுத்துப் பார்த்தேன். மூன்று கார்டுகளுக்குப் பின்னால் நான்காவது ஒன்று, சிவப்பு மையில்: ‘வசை. வாய்மொழி. எழுதப் படிக்கத் தெரியாது. வயது நான்கு மாதம்.’ அதற்கும் பின்னால் ஐந்தாவது. வார இதழின் பெயர், மாதம், பக்கம். எழுதியவர்: செல்வியின் அம்மா. மூலையில் புகழ்ச்சி, வசை, மழுப்பல் எதுவும் இல்லை. கீழே ஒரே ஒரு சொல் இருந்தது.

‘நம்பலாம்.’

டிராயரை மூடினேன். சரியாகத்தான் படித்தேனா என்று சந்தேகம் வந்து, மறுபடி இழுத்துப் பார்த்தேன்.